எல்லைக் கோட்டுக்கு அப்பால்: கொங்கு நாட்டிடம் கேட்க ஐந்து புவியியல் கேள்விகள்

பள்ளிக்கூடத்தில் ஒரு மாவட்டத்தைப் பற்றிப் படித்த எவருக்கும் அந்த வரிசை மறந்திருக்காது: பரப்பளவு, நான்கு எல்லைகள், மலைகள், ஆறுகள், மண்வகை, விளைபொருள், தொழில், பார்க்க வேண்டிய இடங்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால், மழை குறைவாகப் பெய்கிற, கடற்கரையே இல்லாத ஒரு மேட்டு நிலம் தமிழகத்தின் பெரிய தொழில் வட்டாரங்களுள் ஒன்றாக எப்படி ஆனது என்று கேட்டால் அந்த வரிசை கைவிரித்துவிடும். பொருள்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் தொடர்பு இல்லை.

அப்படி ஒரு நிலம்தான் கொங்கு. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய சேலம், திண்டுக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளும் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்லலாம். இதன் சமவெளியில் பெரும்பாலான இடங்களில் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் வரைதான். மாநிலச் சராசரியோ 900-ஐத் தாண்டும். காவிரி கிழக்குப் பக்கமாகத் தாழ்வில் ஓடிப் போய்விடுகிறது. இருந்தும் பின்னலாடையும் பம்புசெட்டும் மஞ்சளும் தேங்காயும் முட்டையும் இங்கிருந்து வெளியே போகின்றன. இந்தப் புதிரை அவிழ்க்கப் புவியியலின் அடிப்படைக் கருத்துகள் எவ்வளவு தூரம் உதவுகின்றன, எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்விகள் வந்த வழி

ஒரு நிலப்பரப்பை எப்படிப் படிப்பது என்பதில் புவியியலாளர்கள் ஒருமித்து நின்றதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் ராட்சலும் அவரைப் பின்பற்றியவர்களும் மனித வாழ்வை நிலமும் தட்பவெப்பமும் வடிவமைக்கின்றன என்ற பக்கம் சாய்ந்தார்கள். பிரான்சின் விடால் தெ லா பிளாஷ், 1903-இல் தம் நாட்டின் புவியியலை எழுதியபோது வேறு திசையில் போனார்: இயற்கை வாய்ப்புகளைத்தான் வைக்கிறது, எடுத்துக்கொள்வது மனிதர் கையில் இருக்கிறது. 1939-இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹார்ட்ஷோர்ன், வட்டாரங்களின் தனித்தன்மையை ஆராய்வதே இத்துறையின் வேலை என்றார். தனித்தன்மையை மட்டுமே அடுக்கிக்கொண்டிருந்தால் பொது விதிகள் எப்போது கிடைக்கும் என்று 1953-இல் ஃபிரெட் ஷேஃபர் மறுத்து எழுதினார்.

இந்த விவாதங்களின் சாரம் 1984-இல் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான வழிகாட்டியில் ஐந்து கருத்துகளாக எளிமைப்பட்டது: அமைவிடம், இடத்தின் இயல்பு, மனிதரும் சூழலும், நகர்வு, வட்டாரம். இன்று பல நாடுகளின் பாடத்திட்டங்களில் இவற்றின் சாயல் உண்டு. 1991-இல் பிரிட்டனின் டோரீன் மாஸி இவற்றுக்கு ஒரு திருத்தம் போலவே ஒன்றைச் சொன்னார்: ஓர் இடத்தின் தனித்தன்மை அதன் வேலிக்குள் மட்டும் உருவாவதில்லை, வெளியிலிருந்து வந்து சேரும் உறவுகள் அங்கே சந்திக்கும் விதத்தில் உருவாகிறது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சிந்தனை முழுக்கப் புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அதன்மேல் செடி, விலங்கு, தொழில், வாழ்க்கை என்று அடுக்கிப் பார்க்கும் முறையைத் தொல்காப்பியம் தருகிறது. குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலையாகும் என்ற சிலப்பதிகாரப் பார்வை, நில இயல்பு நிலையானதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஐந்து கேள்விகளையும் கொங்கிடம் ஒவ்வொன்றாகக் கேட்போம்.

எங்கே இருக்கிறது?

கோவை நகரம் வட அட்சம் 11 பாகை, கிழக்குத் தீர்க்கம் 77 பாகையை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. வரைபடத்தில் புள்ளி வைக்க இது உதவும். ஆனால் இதே அட்சத்தில்தான் காவிரிக் கழிமுகமும் இருக்கிறது. அங்கே நெல், இங்கே பருத்தி. எண்கள் விளக்காததை அண்டையில் இருப்பவை விளக்குகின்றன.

குஜராத் எல்லையருகே தொடங்கிக் குமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய உடைப்பு ஒன்றே ஒன்று: வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டுக்கும் இடையிலிருக்கும் இந்தத் தரையோ சில நூறு மீட்டரைத் தாண்டுவதில்லை. கொங்கு இந்தத் திறப்பின் கிழக்கு வாசலில் இருக்கிறது.

இதனால் இரண்டு விளைவுகள். மலை தென்மேற்குப் பருவமழையை மறிக்கிறது. ஆனைமலை மேலுள்ள சின்னக்கல்லாற்றில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்குள் இருக்கும் தாராபுரத்தில் 600-ஐ ஒட்டித்தான். மழையை இறக்கிவிட்டு மறுபக்கம் சரிந்து வரும் காற்றில் ஈரம் மிச்சமில்லை. கணவாயோ, மழையைத் தராவிட்டாலும் காற்றைத் தடையின்றி விடுகிறது. குறுகலில் புகுந்து வேகம் பிடித்த அந்தக் காற்றுதான் ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் தென்னை மட்டைகளை முறித்துப்போடுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பழமொழியோடு விட்டிருந்த அதே காற்றைக் காற்றாலைகள் இன்று மின்சாரமாக்குகின்றன.

காற்றுக்குத் திறந்த வழி மனிதருக்கும் திறந்தது. மேற்குக் கடற்கரைத் துறைகளிலிருந்து கணவாய் வழியாகக் கரூருக்கும் அதன் கிழக்கேயும் போன பெருவழியில்தான் நொய்யல் கரையின் கொடுமணல் இருக்கிறது. அங்கே அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும் கல்மணி செய்த தொழிற்கூடங்களின் தடயங்களும் கிடைத்தன. பக்கத்துப் படியூர் பச்சைக்கல்லுக்குப் பேர்போனது. கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுப் புதையல்கள் பல கிடைத்ததற்கும் இதே வழிதான் காரணம். 1862-இல் சென்னையையும் மேற்குக் கடற்கரையின் பேப்பூரையும் இணைத்த ரயில் பாதை போத்தனூர் வழியாகப் போனதும் மலையைக் குடையாமல் கடக்க வேறு வாய்ப்பு இல்லாததால்தான்.

எப்படிப்பட்ட இடம்?

மழை குறைவு என்பது வானத்தின் கதை. தரையின் கதை பாறை. கொங்கின் அடியில் கிடப்பது பெரும்பாலும் பழைமையான நைஸ், சார்னோகைட் வகைக் கடும்பாறை. ஆற்று வண்டல் போல அது தண்ணீரைத் தேக்கி வைக்காது. வெடிப்புகளிலும் மேலே மட்கிய அடுக்கிலும் மட்டும் கொஞ்சம் ஊறும். மேலே செம்மண், ஆங்காங்கே கரிசல். கரிசல் கிடைத்த இடத்தில் பருத்தி, செம்மண்ணில் சோளமும் கம்பும் கடலையும்.

இந்த வறட்சிக்கு மக்கள் கண்ட விடையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் காங்கயம், வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காட்டுக்குப் போக வேண்டும். சில ஏக்கர் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நுழைய ஒரு படல். உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரங்கள். மழை பெய்தால் புல் தளிர்க்கும். கோடையில் புல் காய்ந்த பிறகு மரத்திலிருந்து உதிரும் வெள்வேலங்காய் ஆடுகளுக்குத் தீவனம். மேய்ப்பவர் தேவையில்லை, மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும். ஒரு காடு மேய்ந்ததும் அடுத்ததற்கு மாற்றுவார்கள். காங்கயம் மாடு இந்தப் புல்லிலும் இந்த வெயிலிலும் உருவான இனம்.

ஒரு பார்வைக்கு இது தரிசு. கணக்கில்கூட அப்படித்தான் தோன்றும், உழவில்லை, பாசனமில்லை. ஆனால் புல், மரம், வேலி, மாடு நான்கும் ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாடு அது. இடத்தின் இயல்பு என்ற தலைப்பின் கீழ் மண்ணையும் தாவரத்தையும் ஒரு பக்கமும் தொழிலையும் பண்பாட்டையும் மறு பக்கமும் எழுதுகிற வழக்கம் கொறங்காட்டில் வந்து முறிந்துவிடுகிறது. கிளுவை வேலி இயற்கையா, செயற்கையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மனிதர் நிலத்தை என்ன செய்தார்கள்? நிலம் அவர்களை என்ன செய்தது?

ராட்சல் வழியில் யோசித்தால் கதை கொறங்காட்டோடு முடிந்திருக்க வேண்டும்: வறண்ட நிலம், மேய்ச்சல் வாழ்க்கை. விடால் வழியில்தான் அடுத்த அத்தியாயம் பிடிபடும். 13-ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றின் குறுக்கே அணை கட்டி, நொய்யல் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு வளைந்து வளைந்து போகும் காலிங்கராயன் வாய்க்காலை வெட்டினார்கள். ஆறு எட்டாத ஊர்களில் கிணறு. பாறையை உடைத்து இறக்கிய கிணற்றிலிருந்து கவலை கட்டி இறைப்பார்கள். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கும்போது தோல் தும்பி கோத்த சால் மேலே வந்து நீரைக் கொட்டும். பின்னோக்கி ஏறும்போது சால் கிணற்றுக்குள் போகும். பகலெல்லாம் இறைத்தாலும் பாய்வது சிறு துண்டு நிலம்தான். எவ்வளவு பயிரிடுவது என்பதை மழையைவிட எருதின் வலு தீர்மானித்த காலம் அது.

அந்தக் கணக்கை மாற்றியது மலை. மழையை மறித்த அதே நீலகிரியில் 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் வந்தது. கோவையில் 1888-லேயே ஸ்டேன்ஸ் மில் தொடங்கியிருந்தாலும், மலையிறங்கி வந்த மலிவான மின்சாரம்தான் நூற்பாலைகளை வரிசையாக எழுப்பியது. ஆலைக்கு வந்த மின்சாரம் தோட்டத்துக் கிணற்றுக்கும் வந்தது. கிணற்றுக்கு மோட்டார் வேண்டும். மோட்டார் செய்ய வார்ப்பாலை வேண்டும், லேத் வேண்டும். 1930களின் பிற்பகுதியில் ஜி.டி. நாயுடு போன்றோர் தொடங்கி வைத்த மோட்டார்த் தொழில், நாட்டின் பம்புசெட் உற்பத்தியில் கோவையை முன்னணிக்குக் கொண்டுவந்தது. தண்ணீர் ஆழத்தில் இருந்ததால்தான் அதை மேலே கொண்டுவரும் எந்திரத்துக்கு வாசலிலேயே சந்தை கிடைத்தது.

கிணறு வற்றியபோது அடுத்த தொழில் பிறந்தது. கடும்பாறையைத் துளைக்கப் பழகிய திருச்செங்கோட்டுப் போர் வண்டிகளை இன்று ஆந்திரத்திலும் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காணலாம். குறையே தொழிலாக மாறியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் இதற்கான விலையையும் அதே ஊர்கள் கொடுக்கின்றன. ஆயிரம் அடிக்கு மேல் துளைத்தும் வெறும் பாறைப்பொடி மட்டும் வெளிவந்த தோட்டங்கள் பல்லடம், அவிநாசிப் பக்கம் ஏராளம்.

நொய்யலின் நிலை இன்னும் கடுமையானது. திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் இறங்கியது. ஏறத்தாழ 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவதற்காக 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, உப்பும் சாயமும் தேங்கும் தொட்டியாக மாறியது. அணையில் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வேண்டிய உழவர்கள், தேக்காதே என்று போராட வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்குத் தொழில் வேகமாக நகர்ந்தது. பனியன் உழைப்பின் வெற்றிக்கதை என்று மட்டும் எழுதுவோரும், ஆற்றைக் கொன்ற கதை என்று மட்டும் எழுதுவோரும் ஒரே நிகழ்வின் பாதியைத்தான் எழுதுகிறார்கள். இலாபம் மேட்டில் தங்கியது, கழிவு பள்ளத்துக்குப் போனது. யாருக்கு எது என்பதை ஆற்றின் சரிவு பிரித்துக் கொடுத்தது.

எது எங்கிருந்து எங்கே போகிறது?

நகர்வு என்றால் சாலையும் ரயிலும் என்று பாடப் புத்தகங்கள் நிறுத்திக்கொள்கின்றன. கொங்கைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டிய நகர்வு தண்ணீர்.

ஆனைமலையில் மேற்கே கேரளத்தை நோக்கி ஓடும் ஆறுகளின் நீரில் ஒரு பகுதியை அணைகளும் சுரங்கங்களும் கொண்டு கிழக்கே திருப்புவது பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். தமிழகமும் கேரளமும் 1970-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1958-லிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் குடிப்பது இந்த நீரைத்தான். கோவை நகரம் குடிக்கும் சிறுவாணியின் அணை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. பவானி ஆறே நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் நுழைந்து, திரும்பித் தமிழகத்துக்கு வருகிறது. பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பின் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில், பவானியின் உபரி நீரை நீரேற்று நிலையங்கள் மேட்டுக்கு ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகின்றன.

மற்ற நகர்வுகளும் இதே போக்கில்தான். உள்ளூர்ப் பருத்தியை நம்பி வந்த ஆலைகள் இன்று குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் தெலங்கானாவிலும் இருந்து பஞ்சு வாங்குகின்றன. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூரில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் கணிசம். துணி அளவும் வண்ணமும் ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களின் அலுவலகங்களில் முடிவாகின்றன. சரக்கு தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறுகிறது. பஞ்சு வெளியே, ஆள் வெளியே, வாடிக்கையாளர் வெளியே. உள்ளே இருப்பது இவற்றைக் கோத்து நடத்தும் திறமையும் பட்டறைகளின் நெருக்கமும். பின்னுவது ஒரு தெருவில், சாயமேற்றுவது இன்னொரு ஊரில், அச்சடிப்பும் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் வேறுவேறு சிறு பட்டறைகளில் நடக்கிறது. நாளைக்கு வேண்டும் என்றால் நாளைக்குக் கிடைப்பது இந்த நெருக்கத்தால்தான். மாஸி சொன்னதைத் திருப்பூரின் ஒரு சந்தில் நின்றே சரிபார்க்கலாம்.

அப்படியானால் எல்லை எது?

வட்டாரத்தைப் பொதுவாக மூன்று விதமாகப் பிரிப்பார்கள். ஒரே தன்மை பரவியிருப்பது ஒன்று. ஒரு மையத்தைச் சுற்றி இயங்குவது இன்னொன்று. மக்கள் மனத்தில் இருப்பது மூன்றாவது. கொங்கில் மூன்றும் மூன்று வரைபடங்களைத் தருகின்றன.

மழைமறைவு நிலம் என்று கோடு போட்டால் நீலகிரியும் வால்பாறையும் வெளியே போய்விடும். கோவையின் மருத்துவமனை, கல்லூரி, சந்தையைச் சுற்றிக் கோடு போட்டால் கேரளத்தின் பாலக்காடு உள்ளே வந்துவிடும், நாமக்கல்லின் கிழக்குப் பகுதி திருச்சி, சேலம் பக்கம் சாயும். மனத்தில் இருக்கும் கொங்குக்குப் பழைய சான்று உண்டு. கொங்கு மண்டல சதகம் கிழக்கே குளித்தலையையும் மேற்கே வெள்ளிமலையையும் தெற்கே பழனியையும் வடக்கே பெரும்பாலையையும் எல்லையாக வைக்கிறது. 24 நாடுகள் என்ற பழைய பகுப்பும் இன்றுவரை சமூக நினைவில் இருக்கிறது. இந்தக் கோடு எந்த மாவட்ட எல்லையோடும் பொருந்தாது. மாவட்டங்களும் நிற்பதில்லை: ஈரோடு 1979-இலும் திருப்பூர் 2009-இலும் தனி மாவட்டமாயின.

எந்தக் கோடு சரி என்று வாதாடுவதில் பயனில்லை. எதற்காகக் கோடு என்பதே கேள்வி. வட்டார வழக்கை ஆராய்பவருக்கு மூன்றாவது வரைபடம் தேவை. பேருந்து நிர்வாகத்துக்கு இரண்டாவது. தண்ணீரைப் பற்றிப் பேசும்போது மூன்றுமே போதாது. அப்போது ஆற்றுப் படுகையைத்தான் எல்லையாகக் கொள்ள வேண்டும்.

ஐந்தில் விடுபட்டது

1984-இன் பட்டியலில் தனித் தலைப்பாக வராத ஒன்று அளவு: எவ்வளவு தள்ளி நின்று பார்க்கிறோம் என்பது. மாவட்டச் சராசரியாகப் பார்த்தால் ஈரோடு ஓரளவு பாசனம் பெற்ற மாவட்டம். கீழ்பவானி வாய்க்கால் கரையில் நின்றால் படம் வேறு. 1950களில் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் போகும் இந்த வாய்க்காலின் தாழ்ந்த பக்கம் நெல்லும் மஞ்சளும். உயர்ந்த பக்கம் மழையை நம்பிய மேட்டாங்காடு. நடுவில் ஒரு கரைதான்.

இதே வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டம் வந்தபோது உழவர்களே இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். கடைமடைக்காரர்கள் வரவேற்றார்கள், கசிவு நின்றால்தான் தண்ணீர் தங்களை எட்டும். வாய்க்காலை ஒட்டிய ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். அந்தக் கசிவில்தான் அவர்களுடைய கிணறுகள் ஊறுகின்றன. பொறியாளர் கணக்கில் இழப்பு என்று எழுதப்பட்ட நீர், நிலத்தடியில் இன்னொருவர் வரவாக இருந்தது. திட்ட வரைபடத்தின் அளவில் ஒரு தரப்பு சரி, ஊரின் அளவில் மறு தரப்பு சரி. ஒரே அளவில் நின்று தீர்ப்புச் சொல்பவர் யாரோ ஒருவருக்கு அநியாயம் செய்கிறார்.

முடிவாக

ஐந்து கருத்துகளையும் தனித்தனித் தலைப்புகளாக நிரப்பினால் பழைய பாடப் புத்தக வரிசையே புதுப் பெயரில் திரும்பி வரும். ஒன்றின் விடை அடுத்ததன் கேள்வியாகும்போதுதான் அவை வேலை செய்கின்றன. கணவாய் காற்றை விளக்கியது, மலை வறட்சியை. வறட்சியும் பாறையும் கிணற்றை, கிணறு மோட்டாரை, மோட்டார் பட்டறையை. இந்தச் சங்கிலியில் இயற்கை மட்டும் தீர்மானித்தது என்று எந்தக் கண்ணியையும் காட்ட முடியாது. இயற்கை இல்லாமல் நடந்தது என்றும் எதையும் காட்ட முடியாது. இதே போலக் காற்றும் வறட்சியும் பாறையும் கொண்ட வேறு ஊர்கள் பம்புசெட் செய்யவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இவற்றில் எந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனாலும் கொங்கின் எல்லைக்கு வெளியேதான் போய் நிற்கிறோம். வறண்ட நிலம் தன் முயற்சியால் தானே எழுந்தது என்ற பெருமிதத்தில் உழைப்பின் உண்மை இருக்கிறது. ஆனால் அண்டை மாநில மலைகளின் நீரும் வடமாநிலத் தொழிலாளரின் கையும் அந்தக் கணக்கில் எழுதப்படவில்லை. இந்த வட்டாரத்தின் நாளையைத் திட்டமிடுபவர் வால்பாறைச் சோலைக்காட்டையும் அட்டப்பாடியையும் நொய்யலின் கீழ்ப்பக்கத்து ஊர்களையும் தம் வரைபடத்துக்குள் வைத்தாக வேண்டும். மாவட்ட எல்லையோடு நின்றுவிடும் திட்டம் எதுவும் கொங்கின் தண்ணீரைத் தொடவே போவதில்லை.